தாசில்தாரிடம் திரும்பிவரும் மனு

பெசன்ட் நகர்க் கடற்கரையை இன்றும் பலர் எலியட்ஸ் பீச் என்றுதான் சொல்கிறார்கள். அங்கே மாலையில் நடக்க வருபவர்களிடம் யார் அந்த எலியட் என்று கேட்டால், யாரோ ஒரு வெள்ளைக்கார கவர்னராக இருந்திருப்பார் என்று பதில் வரும். நானும் நெடுங்காலம் அப்படித்தான் எண்ணியிருந்தேன். அவர் கவர்னர் அல்லர், கவர்னராக இருந்த ஹியூ எலியட்டின் மகன். பெயர் எட்வர்ட் பிரான்சிஸ் எலியட். பத்தொன்பதாம் நூற்றாண்டின் முற்பாதியில் சென்னை நகரின் தலைமை மாஜிஸ்திரேட்டாகவும் போலீஸ் மேற்பார்வையாளராகவும் பல்லாண்டுகள் இருந்தவர்.

அடையாற்றைக் கடந்து மயிலாப்பூர்ப் பக்கம் வந்தால், மந்தைவெளியில் நார்ட்டன் சாலை இருக்கிறது. நார்ட்டன் என்பது சென்னை நீதிமன்றங்களில் மூன்று தலைமுறைகள் ஒலித்த குடும்பப் பெயர். அக்குடும்பத்தின் நடுத்தலைமுறையைச் சேர்ந்தவர் ஜான் புரூஸ் நார்ட்டன் என்ற பாரிஸ்டர்.

எலியட், நார்ட்டன் ஆகிய இருவரின் கையெழுத்தும் ஒரே அறிக்கையின் அடியில் இருக்கின்றன. 1855 ஏப்ரலில் சென்னை அரசிடம் அளிக்கப்பட்ட அந்த அறிக்கையை வரலாற்றாசிரியர்கள் சுருக்கமாகச் 'சித்திரவதை ஆணைய அறிக்கை' என்பார்கள். சென்னை மாகாணத்தில் அரசு ஊழியர்கள் குடிமக்களை வதைத்து வரி வசூலிக்கிறார்களா என்பதை விசாரிக்க நியமிக்கப்பட்ட ஆணையம் அது. எலியட், நார்ட்டன் ஆகியோருடன் ஸ்டோக்ஸ் என்ற சிவில் அதிகாரி மூன்றாவது உறுப்பினர்.

வதையின் வரலாறாக இந்த அறிக்கையைப் பலரும் வாசித்திருக்கிறார்கள். எனக்கு அது வேறொரு காரணத்தால் முக்கியமாகப்பட்டது. அநியாயத்தைக் கண்டவர்கள், பட்டவர்கள் ஏன் வாய் திறப்பதில்லை என்ற கேள்வியை நம் ஊரில் ஓர் அரசாங்கக் குழு நேர்மையாக எதிர்கொண்ட ஆவணம் அது. அதன் விடையை வாசித்தபோது என் சொந்த அனுபவம் ஒன்று நினைவுக்கு வந்து உறுத்தியது. அதைப் பின்னால் சொல்கிறேன்.

*

முதலில் பின்னணி. 1816-ஆம் ஆண்டு விதிமுறைகளுக்குப் பிறகு, சென்னை மாகாணத்தின் வெளிமாவட்டங்களில் வரி வசூலும் காவல் அதிகாரமும் ஒரே கையில் சேர்ந்தன. மாவட்டத்துக்குக் கலெக்டர், அவரே மாஜிஸ்திரேட். தாலுகாவுக்குத் தாசில்தார், அவரே அங்குள்ள போலீசுக்கும் தலைவர். வரி கேட்டு வந்து அடிப்பவனும், அடித்தான் என்று போய் முறையிட வேண்டிய இடமும் ஒன்றாகிவிட்டன. ரயத்துவாரி முறையில் ஒவ்வொரு உழவனும் தனித்தனியே அரசுக்குத் தீர்வை செலுத்தவேண்டும். தீர்வையோ பல இடங்களில் தாங்கமுடியாத அளவில் இருந்தது. தவணை நாளில் பணம் வந்து சேரவேண்டும் என்பது மேலிருந்து கீழ்வரை வந்த கட்டளை. எப்படி வந்து சேர்ந்தது என்று மேலே இருந்தவர்கள் கேட்பதில்லை.

எப்படி வந்தது என்பதற்கு ஆணையம் ஒரு நீண்ட பட்டியல் தருகிறது. பாக்கிதாரனை வெயிலில் நிற்கவைப்பது. உணவுக்கோ இயற்கைக் கடனுக்கோ போகவிடாமல் தடுப்பது. அவன் மாட்டை மேய்ச்சலுக்கு விடாமல் கட்டிவைப்பது. சேவகன் ஒருவனை அவன் வீட்டு வாசலில் உட்காரவைத்து, சேவகனின் நாட்கூலியை அவனிடமே வாங்குவது. விரல்களைப் பின்னி நெரிப்பது. இரண்டு பாக்கிதாரர்களின் குடுமிகளைச் சேர்த்துக் கட்டுவது. தலைமயிரைக் கழுதை வாலிலோ எருமை வாலிலோ கட்டுவது. கழுத்தில் எலும்பு மாலை போடுவது. வலியைவிட அவமானத்தைக் குறிவைத்தவை இவற்றுள் பல என்பதைக் கவனிக்கலாம். ஊரில் மானத்தோடு வாழ்ந்தவனை ஊரறிய இழிவுபடுத்தினால் நகையை விற்றாவது பணத்தைக் கட்டிவிடுவான் என்ற கணக்கு.

தமிழ் ஆசிரியன் என்ற முறையில் என்னைத் துணுக்குறச் செய்தவை அந்த ஆங்கில அறிக்கையில் மொழிபெயர்க்கப்படாமல் கிடக்கும் இரண்டு சொற்கள். ஒன்று கிட்டி. இரண்டு கட்டைகளுக்கு இடையே கையையோ தொடையையோ வைத்து நெருக்கும் கருவி. கிட்டிப்புள் விளையாடிய நமக்குச் சொல் பழக்கமானது, பொருள் மறந்துபோனது. மற்றொன்று அண்ணாந்தாள். தலையையும் காலையும் கயிற்றால் பிணைத்து ஆளை வளைத்துக் கட்டிவைக்கும் தண்டனை. ஒரு செயலுக்கு மொழியில் தனிப்பெயர் இருக்கிறதென்றால் அது எல்லோருக்கும் தெரிந்த செயல் என்று பொருள். தாசில்தாருக்குத் தெரியும், சேவகனுக்குத் தெரியும், கணக்குப்பிள்ளைக்குத் தெரியும், ஊருக்கே தெரியும். கேட்கவேண்டியவர்களின் காதுக்கு மட்டும் அது போய்ச்சேரவில்லை.

*

அந்தக் காதுக்கு அதைக் கொண்டுசேர்த்தவர்களில் முதன்மையானவர் காஜுல லட்சுமிநரசு செட்டி. 1806-இல் பிறந்த சென்னை வணிகர். 1844-இல் 'கிரசென்ட்' என்ற ஆங்கில இதழைத் தொடங்கினார். 1852-இல் சென்னைச் சுதேசிகள் சங்கத்தை நிறுவினார். கிழக்கிந்தியக் கம்பெனியின் சாசனம் 1853-இல் புதுப்பிக்கப்பட இருந்த நேரம் அது. நிலவரியின் கொடுமைகளையும் நிர்வாகத்தின் குறைகளையும் அடுக்கிச் சங்கம் லண்டன் பாராளுமன்றத்துக்கு மனு அனுப்பியது. கோட்டைக்குள் கொடுத்துப் பயனில்லை என்று கண்டவர்கள் கோட்டையைத் தாண்டிக் கடல்கடந்து அனுப்பிய மனு அது.

மனுவைத் தொடர்ந்து ஹென்றி டான்பி செய்மர் என்ற பாராளுமன்ற உறுப்பினர் 1853-இல் சென்னைக்கு வந்தார். லட்சுமிநரசு அவரை மாவட்டங்களுக்கு அழைத்துச் சென்றார். செய்மர் உழவர்களின் முறையீடுகளை நேரில் கேட்டார். 1854 ஜூலையில் சென்னை மாகாண நிலவரி குறித்துக் காமன்ஸ் சபையில் விவாதம் நடந்தபோது, வதைத்து வரி வாங்கப்படுகிறது என்ற குற்றச்சாட்டை எழுப்பினார். இந்தியாவில் பணியாற்றி அனுபவம் பெற்றவர்கள் தரப்பிலிருந்து மறுப்பு வந்தது. தாங்கள் அங்கே இருந்த காலமெல்லாம் அப்படி ஒன்றைக் கேள்விப்பட்டதே இல்லை என்று சொல்லப்பட்டது. அவர்கள் பொய் சொன்னார்கள் என்று நான் நினைக்கவில்லை. அவர்கள் உண்மையாகவே கேள்விப்படாமல் இருந்திருக்கக்கூடும். ஏன் கேள்விப்படவில்லை என்பதுதான் கேள்வி. அதற்கு விடை சொல்லும் வேலை, அதே ஆண்டின் பிற்பகுதியில் நியமிக்கப்பட்ட எலியட் ஆணையத்துக்கு வந்து சேர்ந்தது.

சென்னையில் ஆணையம் அமர்ந்ததும் அறிவிப்பு வெளியானது. மக்கள் வந்தார்கள். ரயில் இல்லாத காலம். சென்னையிலிருந்து முதல் ரயிலே 1856-இல்தான் ஓடியது. நடந்தும் வண்டி கட்டியும் தொலைதூர மாவட்டங்களிலிருந்து வந்து 519 பேர் நேரில் முறையிட்டார்கள். கடிதமாக வந்தவை 1,440. மொத்தம் 1,959 முறையீடுகள். மறுக்கமுடியாத எண்ணிக்கை அது. வரி வசூலிலும் குற்ற விசாரணையிலும் வதை உண்டு என்று ஆணையம் ஐயமின்றி எழுதியது.

அதன் பிறகு ஆணையம் எழுதியதுதான் முக்கியம். வதை இருக்கிறது என்ற முடிவைக் காட்டிலும் தங்களை வருத்திய ஒன்று உண்டு என்கிறார்கள் உறுப்பினர்கள். பாதிக்கப்பட்டவன் நியாயம் பெறுவதில் உள்ள இடர்ப்பாடுதான் அது. அதற்கு அவர்கள் காரணங்களை வரிசைப்படுத்துகிறார்கள்.

முதலாவது தூரமும் செலவும். கலெக்டரை நேரில் பார்க்க நெடுந்தூரம் போகவேண்டும். போய்க் கச்சேரி வாசலில் நாள்கணக்கில் காத்திருக்கவேண்டும். அதுவரை வயலை யார் பார்ப்பது?

இரண்டாவது, எழுதி அனுப்பினால் என்ன ஆகும் என்ற அச்சம். மனுவின் மேல் வழக்கமான ஒரு குறிப்பு எழுதப்பட்டுத் தாசில்தாருக்கு அனுப்பப்படும். அதாவது, யாரைப் பற்றிய புகாரோ அவரிடமே. புகார் சொன்னவனின் பெயர், ஊர், அவன் எழுதிய ஒவ்வொரு சொல்லும் அப்படியே அவர் மேசைக்குப் போய்விடும்.

மூன்றாவது, சட்டத்தின் வலுவின்மை. குற்றம் மெய்ப்பிக்கப்பட்டாலும் மாஜிஸ்திரேட் தாமாக விதிக்கக்கூடியது ஐம்பது ரூபாய் அபராதம் அல்லது ஒரு மாதச் சிறை. பணம் பறித்ததாக வரி அதிகாரிமேல் புகார் சொன்னால் உதவிக் கலெக்டரிடம் தொடங்கி, கலெக்டர், வருவாய் வாரியம், அரசு அல்லது சிவில் கோர்ட்டு என்று மேல்முறையீடுகளின் படிக்கட்டு நீண்டுகொண்டே போகும். வசதிபடைத்த அதிகாரியோடு வறிய உழவன் இத்தனை படிகள் ஏறிப் போராட முடியாது என்று ஆணையமே சொல்கிறது. 1822, 1828 ஆகிய ஆண்டுகளின் விதிமுறைகளில் இதற்கென வழிசெய்யப்பட்டிருந்தும், அவற்றின்கீழ் மக்கள் புகார் கொண்டுவந்ததாகத் தங்களுக்குத் தெரியவில்லை என்றும் எழுதுகிறது.

இந்தக் கடைசி வாக்கியத்தை நான் பலமுறை வாசித்தேன். முறையிடும் வழி காகிதத்தில் இருந்தது. முப்பது ஆண்டுகளாக அவ்வழியில் எவரும் நடக்கவில்லை. ஆகவே அரசின் பதிவேட்டில் குற்றமும் இல்லை. காமன்ஸ் சபையில் கேள்விப்பட்டதே இல்லை என்று சொன்னவர்களின் நேர்மை இந்த வெற்றுப் பதிவேட்டின்மேல் எழுந்த நேர்மை. புகார் இல்லாமையைக் குற்றம் இல்லாமையாக வாசித்துவிட்டார்கள்.

அறிக்கையின் இணைப்புகளில் உள்ள ஒரு முறையீட்டை மட்டும் இங்கே சொல்லவேண்டும். கொள்ளிடத்துப் பாலப் பணிக்காகப் பலகை, கரி, விறகு முதலியவற்றை இலவசமாகத் தரும்படி தாசில்தார் ஓர் ஊராரைக் கேட்டிருக்கிறார். அவ்வூர் அந்தணர் ஒருவர் மறுத்தார். பன்னிரண்டு பேர் அவரைப் பிடித்துத் துன்புறுத்தினார்கள். அவர் துணைக் கலெக்டரிடம் மனு கொடுத்தார். துணைக் கலெக்டர் விசாரிக்கவில்லை, மனுவைக் கிழித்துப்போட்டுவிட்டார். காரணத்தையும் அந்த மனிதரே சொல்கிறார். பாலத்தைக் குறைந்த செலவில் கட்டி முடித்து அரசிடம் நல்ல பெயர் வாங்க அந்தத் துரைக்கு ஆசை, ஆகவே தாசில்தார் கொலையே செய்தாலும் அவர் கண்டுகொள்ளமாட்டார் என்கிறார். மனு ஏன் கிழிபடுகிறது என்பதற்கு இதைவிடத் தெளிவான விளக்கம் எனக்குத் தெரியாது. கிழித்தவர் கொடியவராக இருக்கவேண்டியதில்லை. அவருடைய வேலை நன்றாக நடப்பதுபோலத் தோன்றவேண்டும், அவ்வளவுதான்.

*

என் அனுபவத்தை இங்கே சொல்லிவிடுகிறேன்.

பல ஆண்டுகளுக்கு முன் ஒரு தனியார் கல்லூரியில் பணியாற்றினேன். பெயர் வேண்டாம். அங்கே மாதக் கடைசியில் ஊதியப் பட்டியலில் நாங்கள் கையெழுத்திடும் தொகை ஒன்று, கையில் வரும் தொகை வேறொன்று. இந்த வழக்கம் அந்தக் கல்லூரிக்கு மட்டும் உரியதல்ல என்பது இத்தொழிலில் இருப்பவர்களுக்குத் தெரியும். ஆய்வுக்குழு வரும் நாளில் அந்தப் பட்டியல் அழகாக மேசைமேல் இருக்கும். குழுவினர் எங்களை வரிசையாக அழைத்து, ஊதியம் ஒழுங்காகக் கிடைக்கிறதா என்று கேட்பார்கள். நிர்வாகத்தைச் சேர்ந்தவர் ஒருவர் அதே அறையில் அமர்ந்திருப்பார். கிடைக்கிறது என்று சொல்லிவிட்டு வெளியே வந்து தேநீர் குடிப்போம்.

எங்களோடு பணியாற்றிய ஆசிரியை ஒருவர் ஒருமுறை கிடைக்கவில்லை என்று சொல்லிவிட்டார். அறையில் சற்றுநேரம் அமைதி நிலவியதாகப் பிறகு சொன்னார். எழுதிக் கொடுங்கள் அம்மா என்றார்களாம். எழுதி உரிய மேலிடத்துக்குப் பதிவுத்தபாலில் அனுப்பினார். அனுப்புவதற்கு முன் என்னிடம் காட்டி, "சார், நீங்களும் ஒரு கையெழுத்துப் போடுறீங்களா?" என்று கேட்டார். வீட்டுக் கடன் இருக்கிறது, மகளைப் பள்ளியில் சேர்த்த வருடம், யோசித்துச் சொல்கிறேன் என்றேன். அவர் வற்புறுத்தவில்லை. "பரவாயில்லை சார்" என்று தாளை மடித்துக்கொண்டார்.

மூன்று வாரங்களில் அந்தக் கடிதம் திரும்பி வந்தது. ஓரத்தில் ஒரு வரி. தக்க நடவடிக்கைக்காகக் கல்லூரி முதல்வருக்கு அனுப்பப்படுகிறது. அடுத்த கல்வியாண்டில் அவருடைய பணி நீட்டிக்கப்படவில்லை. காரணம் எதுவும் எழுத்தில் தரப்படவில்லை, தரவேண்டிய தேவையும் இல்லை.

1855-ஆம் ஆண்டு அறிக்கையில் அந்த இரண்டாவது காரணத்தை வாசித்தபோது எனக்கு நினைவுக்கு வந்தது அந்த ஓரக்குறிப்பு. நூற்றைம்பது ஆண்டுகளில் தாசில்தார் முதல்வராகியிருக்கிறார். குறிப்பின் வாசகம்கூட மாறவில்லை.

அதுவரை என் மௌனத்தை நான் கோழைத்தனம் என்றே என்னிடம் சொல்லிவந்தேன். அது கோழைத்தனமும்தான், மறுக்கவில்லை. ஆனால் அது சரியான கணக்கும்கூட என்பதை அந்த அறிக்கை எனக்குச் சொன்னது. கடிதம் எங்கே போய்ச்சேரும் என்று எனக்குத் தெரிந்திருந்தது. அவருக்கும் தெரிந்திருந்தது. தெரிந்தும் எழுதினார் என்பதே எங்களுக்கிடையிலான வேறுபாடு. அத்தகைய துணிச்சலை எல்லோரிடமும் எதிர்பார்க்கும் ஓர் அமைப்பு, உண்மையில் யாரும் பேசக்கூடாது என்று முடிவுசெய்துவிட்ட அமைப்பு.

*

ஆணையத்தைப் புகழ்ந்து நிறுத்திக்கொள்ளவும் முடியாது. அதன் காது ஓர் எல்லைவரைதான் கேட்டது. வதைத்தவர்கள் சுதேசி ஊழியர்கள், ஐரோப்பிய அதிகாரிகளுக்கு இதில் பங்கில்லை, தங்கள் இனத்தாரின் கொடுமையிலிருந்து காக்கும்படிதான் மக்கள் வெள்ளை அதிகாரிகளை வேண்டுகிறார்கள் என்பது அதன் முடிவு. கொள்ளிடத்து மனிதரின் மனுவைக் கிழித்தவர் யார் என்பது அதன் இணைப்பிலேயே இருக்கிறது. தீர்வையை நிர்ணயித்தவர்கள் யார், தவணை தவறக்கூடாது என்று நெருக்கியவர்கள் யார் என்பதும் அவர்கள் அறியாததல்ல. தாசில்தாரின் கிட்டிக்குப் பின்னால் கலெக்டரின் கடிதமும், கலெக்டரின் கடிதத்துக்குப் பின்னால் கம்பெனியின் கணக்குப் புத்தகமும் இருந்தன. அந்த நூலைப் பிடித்துக்கொண்டு மேலே போயிருந்தால் ஆணையத்தை நியமித்தவர்களின் வாசலில் போய் நின்றிருக்கும். ஆணையம் போகவில்லை.

வேறொருவர் போனார். 1857 செப்டம்பரில், வடக்கே கிளர்ச்சி எரிந்துகொண்டிருந்த நேரத்தில், 'நியூயார்க் டெய்லி டிரிபியூன்' இதழில் கார்ல் மார்க்ஸ் இதே அறிக்கையை வைத்து ஒரு கட்டுரை எழுதினார். சிப்பாய்களின் கொடுமைகளைப் பற்றி லண்டன் பேசிக்கொண்டிருந்தபோது, உங்கள் ஆவணமே உங்களைப் பற்றிச் சொல்வதைப் பாருங்கள் என்று எடுத்துக்காட்டிய கட்டுரை. கொள்ளிடத்து அந்தணரின் முறையீடு அப்படித்தான் நியூயார்க்கில் அச்சேறியது. உள்ளூர்க் கச்சேரியில் கிழிக்கப்பட்ட மனு, இரண்டாண்டுகளில் உலகின் மறுகோடியில் வாசிக்கப்பட்டது.

ஆணையத்தால் சில மாற்றங்கள் வந்தன. 1859-ஆம் ஆண்டின் 24-ஆம் சட்டம் சென்னை மாகாணத்தில் போலீசை வருவாய்த் துறையிலிருந்து பிரித்துத் தனித்துறை ஆக்கியது. வரி கேட்பவன் கையிலிருந்து லத்தி விலகியது. போலீஸ் அதிகாரியிடம் அளிக்கும் ஒப்புதல் வாக்குமூலம் நீதிமன்றத்தில் செல்லாது என்ற விதியும் அக்காலத்தில்தான் உருவாகி, 1872-ஆம் ஆண்டின் சாட்சியச் சட்டத்தில் 25-ஆம் பிரிவாக நிலைபெற்றது. 2024 ஜூலையில் நடைமுறைக்கு வந்த புதிய சாட்சியச் சட்டத்திலும் அது தொடர்கிறது. லத்தி கைமாறியதே தவிர, அதை ஏந்தியவரைப் பற்றி எங்கே முறையிடுவது என்ற கேள்வி அப்படியே நின்றது.

*

அக்கேள்வி 2020 ஜூனில் மீண்டும் நம் முன் வந்தது. தூத்துக்குடி மாவட்டம் சாத்தான்குளத்தில் ஊரடங்கு நேரத்தில் கடை தொடர்பாகக் காவல் நிலையத்துக்குக் கொண்டுசெல்லப்பட்ட ஜெயராஜ், அவர் மகன் பென்னிக்ஸ் ஆகிய இருவரும் சில நாட்களுக்குள் அடுத்தடுத்து இறந்தார்கள். உயர்நீதிமன்றத்தின் மதுரைக் கிளை தாமாக முன்வந்து வழக்கை எடுத்துக்கொண்டு, விசாரிக்க ஒரு மாஜிஸ்திரேட்டை அனுப்பியது. அந்த நிலையத்தில் அன்றிரவு பணியில் இருந்த ஒரு பெண் தலைமைக் காவலர், நடந்ததை மாஜிஸ்திரேட்டிடம் சொன்னார். இரவு முழுவதும் அடித்தார்கள், லத்திகளிலும் மேசையிலும் இரத்தக் கறை இருக்கிறது, அழித்துவிடக்கூடும் என்றார். அவர் அஞ்சி நடுங்கினார், வாக்குமூலத்தில் கையெழுத்திடத் தயங்கினார், நெடுநேரம் உறுதியளித்த பிறகே கையெழுத்திட்டார் என்று மாஜிஸ்திரேட் உயர்நீதிமன்றத்துக்கு எழுதினார். விசாரணை நடந்த இடத்திலேயே காவலர்கள் சூழ்ந்து இடையூறு செய்ததையும் எழுதினார்.

சாட்சியங்களைக் காப்பாற்றுவதற்காக உயர்நீதிமன்றம் ஓர் உத்தரவு பிறப்பித்தது. காவல் நிலையத்தை வருவாய்த் துறையினரின் கட்டுப்பாட்டில் கொண்டுவரவேண்டும். அதன்படி தாசில்தார் போய்ப் பொறுப்பேற்றார். தாசில்தாரின் கையிலிருந்து மக்களைக் காக்க 1859-இல் போலீசைப் பிரித்தார்கள். போலீசின் கையிலிருந்து சாட்சியத்தைக் காக்க 2020-இல் தாசில்தாரை அழைத்தார்கள். இதை முரண்நகை என்று சொல்லிக் கடந்துவிடலாம். எனக்கு இதில் ஒரு பாடம் தெரிகிறது. தாசில்தார் நல்லவரா, போலீஸ் நல்லவரா என்பதில் பொருளில்லை. புகாருக்கு உள்ளானவர் அல்லாத வேறொருவர் கையில் புகார் போய்ச்சேரவேண்டும், அவ்வளவே. அந்தப் பெண் காவலருக்குப் பாதுகாப்பு வழங்கவும் நீதிமன்றம் ஏற்பாடு செய்தது. உத்தரவிட உயர்நீதிமன்றமே நேரில் தலையிட வேண்டியிருந்தது என்பதையும் மறக்கக்கூடாது. ஒவ்வொரு அலுவலகத்துக்கும் ஓர் உயர்நீதிமன்றம் வராது.

ஆங்கிலத்தில் இத்தகையவரை விசில் புளோயர் என்கிறார்கள். ஆட்டத்தில் தவறு நடந்தால் நடுவர் விசில் ஊதுவதுபோல. தமிழில் இதற்கு இணையாக மக்கள் வாயில் புழங்கும் சொல் ஒன்றைத் தேடிப்பார்த்தேன். காட்டிக்கொடுப்பவன், போட்டுக்கொடுப்பவன், கோள்சொல்லி, எட்டப்பன். எல்லாம் வசைச்சொற்கள். வள்ளுவர் அரசனை இடித்துரைக்கும் பெரியோரைப் போற்றுகிறார். ஆனால் அவர்கள் அரசனுக்கு அருகில் அமர்ந்திருப்பவர்கள். வாசலில் நிற்பவன் இடித்துரைத்தால் என்ன பெயர்? அவனுக்கு நாம் வைத்திருப்பது மொட்டைக் கடிதம் ஒன்றுதான், அதுவும் இழிவாக. சாட்சிக்காரன் காலில் விழுவதைவிடச் சண்டைக்காரன் காலில் விழுவது மேல் என்ற பழமொழியும் அனுபவத்தில் விளைந்ததே. முறையிடும் வழியை நம்பாத மக்கள் கண்டுபிடித்த குறுக்குவழி அது.

மொட்டைக் கடிதம் எழுதுபவனைக் குறைசொல்வதற்கு முன் சத்யேந்திர துபேயை நினைத்துக்கொள்ளவேண்டும். தங்க நாற்கரச் சாலைப் பணியில் நடந்த முறைகேடுகளைப் பற்றிப் பிரதமர் அலுவலகத்துக்கு எழுதிய இளம் பொறியாளர். தம் பெயரை வெளியிடவேண்டாம் என்று கேட்டுக்கொண்டே எழுதினார். கடிதம் அவருடைய பெயரோடு அலுவலகம் அலுவலகமாகச் சென்றது. 2003 நவம்பரில் கயாவில் சுட்டுக்கொல்லப்பட்டார். அதன்பின் எழுந்த குரல்களின் பயனாக 2014-இல் முறைகேடுகளை வெளிப்படுத்துவோரைப் பாதுகாக்கும் சட்டம் பாராளுமன்றத்தில் நிறைவேறி, குடியரசுத் தலைவரின் ஒப்புதலையும் பெற்றது. பத்தாண்டுகள் கடந்தும் அதை நடைமுறைக்குக் கொண்டுவரும் அறிவிப்பு வரவில்லை. அந்தச் சட்டமும் பெயரற்ற புகாரை ஏற்பதில்லை.

ஒரு துறையில் மட்டும் ஆணையத்தின் இரண்டாவது காரணத்துக்குச் சட்டம் நேரடியாக விடைசொல்ல முயன்றிருக்கிறது. பணியிடத்தில் பெண்கள்மீதான பாலியல் துன்புறுத்தல் குறித்த 2013-ஆம் ஆண்டின் சட்டம். அலுவலகத்துக்குள் அமைக்கப்படும் குழுவில் வெளியாள் ஒருவர் இருக்கவேண்டும் என்கிறது. புகார் முதலாளியின் மீதே என்றால் மாவட்ட அளவிலான குழுவிடம் போகலாம் என்கிறது. வழி செய்திருக்கிறார்கள். ஆனால் ஆண்டறிக்கைகளில் பெறப்பட்ட புகார்கள் இல்லை என்று பெருமையோடு அச்சிடப்படும் வரியைக் காணும்போதெல்லாம், 1822, 1828 விதிமுறைகளின்கீழ் எவரும் வரவில்லை என்ற அந்தப் பழைய வரி எனக்கு நினைவுக்கு வருகிறது. சில இடங்களில் அது உண்மையாகவே நல்ல செய்தியாக இருக்கலாம். எந்த இடங்களில் என்பதை அந்த வரியைக்கொண்டு அறியமுடியாது.

*

லட்சுமிநரசு செட்டி 1863-இல் சென்னைச் சட்டசபையில் உறுப்பினரானார். பொதுக்காரியங்களில் கைப்பொருளைச் செலவழித்து, 1868-இல் வறுமையில் இறந்தார். எலியட் பெயரில் கடற்கரை இருக்கிறது. அவருக்கு அது தகும், அந்த அறிக்கையில் கையெழுத்திட்டதற்காகவேனும். அதே மணலில் ஒரு வெள்ளை நினைவுச்சின்னம் நிற்கிறது. 1930-இல் கடலில் தத்தளித்தவர்களைக் காப்பாற்றக் குதித்து உயிர்விட்ட ஷ்மித் என்ற டென்மார்க்குக்காரருக்கு எழுப்பியது. அலையில் குதித்தவரை நாம் உடனே அடையாளம் கண்டுகொள்கிறோம். அலுவலகத்தில் குதித்தவரை அப்படிக் கண்டுகொள்வதில்லை.

அந்த ஆசிரியை இப்போது ஒரு பள்ளியில் தமிழ் கற்பிக்கிறார். அறிக்கையின் அந்தப் பத்தியைத் தமிழில் எழுதி அவருக்கு அனுப்பினேன். அன்று நான் கையெழுத்திடாததற்கு முதன்முறையாக வருத்தமும் தெரிவித்திருந்தேன். இரண்டு நாட்கள் கழித்துத் தொலைபேசியில் அழைத்தார். வருத்தத்தைப் பற்றி எதுவும் பேசவில்லை. "அந்த 519 பேர் நடந்து வந்தாங்க இல்லையா சார், திரும்பி ஊருக்குப் போனதுக்கு அப்புறம் அவங்களுக்கு என்ன ஆச்சு?" என்று கேட்டார்.

அறிக்கையில் அது இல்லை. நானும் அதை வாசித்த நாளிலிருந்து ஒருமுறைகூட அப்படிக் கேட்டுப் பார்க்கவில்லை.